யார் என்னை அனுப்புவது?

அந்தச் சிவப்பு வெல்வெட் துணியை முதன்முதலாக என் கழுத்தில் கட்டிக்கொண்டபோது நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். துணி முதுகுக்குக் கீழே இறங்கித் தரையில் இழுபட்டது. ஓரத்து ஜரிகை கழுத்தை அறுத்தது. அந்துருண்டை வாசம், அதையும் மீறிச் சித்தப்பாவின் வியர்வை வாசம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பறக்கப்போகிறேன் என்று ஊருக்கே கேட்க அறிவித்தேன். கீழே முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, வாய் நிறைய நுரையோடு அண்ணாந்து பார்த்தார். "ஏளா, பறக்கதுக்கு முன்னாடி அதக் கழத்தி வச்சிட்டுப் பற. கிழிஞ்சிச்சின்னா கமிட்டிக்காரன் என்னயத் தொங்க விட்டிருவான்."

சித்தப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒப்பந்த வேலை. வருடத்தில் ஒரு நாள் மட்டும் தளபதி. எங்கள் தெரு மாதா கோயில் திருவிழாவில் மாலைப் பூசை முடிந்ததும் ஒரு நாடகம் நடக்கும். கடல் தாண்டி வந்த கதையும் இங்கேயே கிடந்த கதையும் எப்போதோ ஒன்றோடொன்று பின்னிப்போன பழைய காப்பியம் அது. அதன் நாயகனான தளபதியின் பெயரை மேடைக்கு வெளியே நாங்கள் உச்சரிப்பதில்லை. 'தளபதி' என்றால் போதும். தளபதி வேஷம் கட்டுகிறவர் வீட்டில்தான் அந்தச் சிவப்பு அங்கி வருடம் முழுக்க இருக்கும். அப்படித்தான் அது எங்கள் அலமாரிக்கு வந்தது, என் கழுத்துக்கும் வந்தது.

அந்த நாடகத்தில் ஒரு கட்டம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்ற எதையும் சொல்ல முடியாது. கடைசிப் போருக்கு முன்னால் தளபதி மேடையின் விளிம்பில் வந்து நிற்பான். போர் முரசு அடிக்கிறது. எதிரி கோட்டையை உடைக்கிறான். ஆனால் இவன் அசைய மாட்டான். சபையைப் பார்த்து மூன்று தடவை கேட்பான்: "யார் என்னை அனுப்புவது?" மந்திரி ஏதோ சொல்வார், குரு ஏதோ சொல்வார், எதுவும் செல்லாது. மூன்றாவது தடவை கேட்டதும் ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்து வந்து, அங்கியைத் தன் கையாலேயே தளபதியின் தோளில் போட்டுச் சொல்ல வேண்டும்: "நானே அனுப்புகிறேன். உன் உயிர் என் தோள்மேல்." அதன்பிறகுதான் போர். தளபதி செத்ததும் அந்தச் சொல்லை ராஜா நிறைவேற்ற வேண்டும். வேஷம் கட்டிய ஆளையே தோளில் தூக்கிக்கொண்டு கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். மாற்று ஆள் கிடையாது. அனுப்பினவன்தான் சுமக்க வேண்டும். ராஜா வேஷத்துக்கு எங்கள் தெருவில் குரலைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை, தோளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ராஜா வேஷம் ஒரே ஆளுக்குத்தான். சித்தப்பா வேலை பார்த்த அதே ஒப்பந்தக்காரரிடம் போர்மேன். தெருவே அவரை ராஜா என்றுதான் கூப்பிடும். எனக்கு ராஜா மாமா. திருவிழா நெருங்கினால் சித்தப்பா பரோட்டாவைக் குறைத்துக்கொள்வார். "மாமா தோளு பாவம்லா" என்பார். குறைத்துக்கொண்டதாக அவர் சொல்வதுதான். பொரித்த பரோட்டாவைப் பார்த்த பிறகு அவருடைய வைராக்கியம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

கல்லூரிக்குப் போன பிறகு எனக்கு அந்தத் தளபதிமேல் எரிச்சல் வந்தது. நான் அப்போது சூப்பர் ஹீரோ பைத்தியம். படங்கள், காமிக்ஸ், என் கட்டில் பக்கத்துச் சுவர் முழுக்க ஒட்டிய தாள்கள், நானே வரைந்த இரண்டு மூன்று நாயகர்கள். எனக்குப் பிடித்ததே அவர்கள் யாரையும் கேட்பதில்லை என்பதுதான். எங்கேயோ புகை தெரிகிறதா, பறந்துவிடுவார்கள். எங்கள் ஊரில் பெண்பிள்ளை முக்குக் கடைக்குப் போகவே மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட ஒருத்திக்கு, அனுமதி கேட்காமல் ஜன்னல் வழியாகப் பறந்துபோகிறவன் எவ்வளவு பெரிய விடுதலை! அதனால் நான் சித்தப்பாவிடம் சண்டை போட்டேன். கோட்டை இடிந்துகொண்டிருக்கிறது, உங்கள் ஆள் விளிம்பில் நின்றுகொண்டு சபையைக் கேள்வி கேட்கிறானே, இவனெல்லாம் வீரனா? அந்த நேரத்துக்குள் என் ஆள் போய், அடித்து, ஜனங்களைக் காப்பாற்றி, திரும்பியே வந்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இழுத்துக்கொண்டு டவுனில் ஒரு படத்துக்குப் போனேன். பாப்கார்னைத் தனியாக முடித்துவிட்டு என்னுடையதிலும் கைவைத்தார். சண்டைக் காட்சியில் என்னைவிடச் சத்தமாக விசில் அடித்தவர் அவர்தான். வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது, "நல்லாத்தாம்ளா பறக்கான்" என்றார். "ஆனா அவ்வளவு பெரிய கட்டடம் சரிஞ்சி விழுந்துதே, அது யாரு வீடு?"

"சித்தப்பா, அது கிராபிக்ஸ்."

"வீடு கிராபிக்ஸு, சரி. இவன் செத்துப் போனாம்னா யாரு பொறுப்பு?"

"அவன் சாவவே மாட்டான்."

"அப்பம் சரி" என்று வண்டியை உதைத்தார். "சாவாதவன் எங்கன வேணும்னாலும் குதிக்கலாம்லா."

அன்றைக்கு அதை ஒரு நல்ல நக்கலாக எடுத்துக்கொண்டு சிரித்தேன். எனக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. சூப்பர் ஹீரோவின் உடை எந்தத் துணியில் தைத்தது, சுருங்குமா என்பதுதான் வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டு வந்த அடுத்த கேள்வி.

அவர் இறந்தது ஒரு மரக் கப்பலில். வெளிநாட்டிலிருந்து பெரிய பெரிய மரத்தடிகள் ஏற்றி வரும் கப்பல். மூடிக் கிடக்கும் அடிக்கிடங்கில் நாள்கணக்காக அடைந்திருக்கும் மரம், உள்ளேயிருக்கும் காற்றில் மூச்சுக்கானதையெல்லாம் உறிஞ்சிவிடும். பார்க்க ஒன்றும் தெரியாது. வாசம் கிடையாது. அதனால்தான் மூடியைத் திறந்து காற்றாட விட வேண்டும், கருவி வைத்துச் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆள் இறங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அன்றைக்குக் கப்பல் தாமதமாக வந்திருந்தது. எல்லோருக்கும் அவசரம். ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவர் ஏணியில் இறங்கி, பாதியிலேயே கை நழுவி விழுந்தார். மேல்தளத்தில் நின்ற ராஜா மாமா சித்தப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டார். சித்தப்பா இறங்கினார். விழுந்தவரின் கக்கத்தில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார். மேலே இழுத்தார்கள். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். கயிறு மறுபடி கீழே போனபோது அதைக் கட்டிக்கொள்ள அங்கே யாருக்கும் நினைவு இல்லை.

இது எனக்கு எப்படித் தெரியும்? ராஜா மாமாவே சொன்னார். சித்தப்பாவை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தபோது, அவர் உள்ளே வந்து, சித்தியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. "நாந்தாம்மா எறங்கச் சொன்னேன். ஏலே எறங்குலே, அவனத் தூக்குலேன்னு நாந்தான் சொன்னேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசலம்மா அவன்." கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் கேட்டோம். சித்தியும் கேட்டாள்.

கல்லறைக்குப் போகும்போது ராஜா மாமா பெட்டியின் தலைமாட்டுக்குத் தோள் கொடுத்தார். வழக்கமாக ஆள் மாற்றி ஆள் தூக்குவார்கள். அவர் மாற விடவில்லை. கோயிலிலிருந்து கல்லறைவரை ஒரே தோள். தெரு முழுக்க அதைப் பார்த்தது, பார்த்தவர்களுக்குப் புரிந்தது. அனுப்பினவன் சுமக்கிறான். எனக்கு அந்த நிமிடம் அவர்மேல் மரியாதைகூட வந்தது. இப்போது நினைத்தால் பற்களைக் கடித்துக்கொள்கிறேன். தோளைக் கொடுத்தவர் வாயைக் கொடுக்கவில்லை.

ஒப்பந்தக் கம்பெனியின் அறிக்கை வந்தபோது சித்தி என்னைத்தான் வாசிக்கச் சொன்னாள். விஷயம் இதுதான்: யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. எச்சரிக்கையையும் மீறி, தன்னுடைய சொந்த முடிவின் பேரில், அசாத்தியத் துணிச்சலோடு இறங்கிவிட்டார். போர்மேன் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, சித்தி ஒரே ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். "அந்தத் துணிச்சலுங்கத மறுபடியும் வாசி." வாசித்தேன். "புகழுத மாதிரியே குத்தம் சொல்லுதானுவ, பாத்தியா" என்றாள்.

பணம் கொடுத்தார்கள். கருணை என்ற பெயரில். சித்தி வாங்கிக்கொண்டாள், பிள்ளை சாப்பிட வேண்டுமே. அதைக் குறை சொன்ன சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, "நீரு ரெண்டு மாசம் அரிசி வாங்கிப் போடும், நான் இந்தப் பணத்தத் திருப்பிக் குடுத்திருதேன்" என்று கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது பணத்தில் இல்லை. அவள் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. கல்யாணமாகி வந்த வருடம்தான் எங்கள் நாடகத்தை முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு அன்றைக்கே என்னிடம் சொன்னாள், சண்டைக் காட்சியைவிட ராஜா எழுந்து வந்து அங்கி போடுவதுதான் நன்றாக இருந்தது என்று. இப்போது அவள் கேட்டது அந்த ஒரு வரியை. என் புருஷன் புத்தி கெட்டுப்போய்க் குதிக்கவில்லை, அனுப்பினார்கள், போனார் என்று யாராவது சபையில் சொல்ல வேண்டும். அப்பா தன்பாட்டுக்குச் செத்துப்போனார் என்று தன் மகள் நம்பி வளரக் கூடாது.

பாதுகாப்பு வாரம் என்று ஒன்று வந்தது. முத்தையாபுரம் போகும் சாலையில், அந்தக் கம்பெனியின் வெளிச்சுவரில், ஆள் உயரத்துக்குப் பெரிய படம் வைத்தார்கள். சித்தப்பாவின் முகம். அடையாள அட்டையில் இருந்த அதே முகம், லேசாக முறைத்தபடி. கழுத்துக்குக் கீழே அவருக்கு என்றைக்குமே இல்லாத மார்பும் புஜமும். முதுகில் காற்றில் விரிந்து பறக்கிற சிவப்புத் துணி. கீழே 'எங்கள் சூப்பர் ஹீரோ'.

நான் பஸ்ஸில் இருந்தேன். அந்த உடம்பை எனக்குத் தெரியும். எந்த மாதிரிப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கழுத்து ஏன் பொருந்தவில்லை, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. இத்தனை வருடம் நான் வரைந்து பழகியது அந்த உடம்பைத்தானே! இறங்கி, ரோட்டோரமாக நின்று அழுதேன் என்று எழுதினால் பொய். கல் எடுத்தேன். எறிந்தேன். குறி தவறிக் காம்பவுண்டுக்கு உள்ளே போய் விழுந்தது. காவலாளி வந்து, "ஏம்மா, படிச்ச பிள்ளதானே நீ?" என்றார்.

படித்த பிள்ளைக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஏன் சூப்பர் ஹீரோ? எங்கள் தெருவுக்கே தெரிந்த தளபதி இருக்கிறானே, அந்த வேஷத்தில் சித்தப்பாவின் நூறு புகைப்படம் இருக்கிறதே, அதில் ஒன்றைப் போட்டிருக்கலாமே? போட முடியாது. தளபதியை வரைந்தால் பக்கத்தில் ராஜாவை வரைய வேண்டும். அங்கி போட்ட கையை வரைய வேண்டும், சுமக்கிற தோளை வரைய வேண்டும். காப்பியத்து வீரன் தனி ஆள் இல்லை. அவன் செத்தால் ஒரு சபையே எழுந்து பதில் சொல்ல வேண்டும். சூப்பர் ஹீரோவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. அவனுக்கு முதலாளி கிடையாது, போர்மேன் கிடையாது, கிடங்கில் காற்றைச் சோதிக்காமல் விட்டவன் கிடையாது. ஆபத்து எங்கிருந்தோ வானத்திலிருந்து வரும். அவனும் எங்கிருந்தோ வருவான். எவனும் அனுப்பாதவன். எதையும் கேட்காதவன். விடுதலை என்று நான் சுவர் முழுக்க ஒட்டிவைத்திருந்தது, ஒரு கம்பெனிக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது! நான் இப்போதும் அந்தப் படங்களைப் பார்க்கிறேன். ஆனால் கட்டடம் சரியும்போதெல்லாம் அது யார் வீடு என்று பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது, படம் கெட்டுப்போகிறது. கெட்டுப்போகட்டும்.

அந்த வருடத் திருவிழாவுக்கு நாடகக் கமிட்டிக்காரர்கள் தயங்கித் தயங்கி அங்கியைக் கேட்டு வந்தார்கள். தளபதிக்குப் புது ஆள். சித்தி மறுப்பாள் என்று நினைத்தேன். வெயிலில் காயப்போட்டு, ஜரிகையைத் துடைத்து, மடித்துக் கொடுத்தாள். "ராஜா அதே ஆளுதானே?" என்று மட்டும் கேட்டாள். அதே ஆள்தான்.

மாலைப் பூசை முடிந்ததும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். மகள் மடியில், நான் பக்கத்தில். கோட்டை இடிந்தது. முரசு அடித்தது. புதுத் தளபதி விளிம்பில் வந்து நின்று கேட்டான். யார் என்னை அனுப்புவது? இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. ராஜா மாமா எழுந்து வந்தார். அவர் அந்த வரியில் தடுமாறுவார் என்றுதான் நான் காத்திருந்தேன். தடுமாறவில்லை. அங்கியைப் போட்டார். மைக் அதிர, முன்பு எந்த வருடமும் இல்லாத கம்பீரத்தோடு சொன்னார்: "நானே அனுப்புகிறேன். உன் உயிர் என் தோள்மேல்." கூட்டம் கைதட்டியது. விசில் பறந்தது.

சித்தி எழுந்தாள். மகளை என் மடியில் வைத்துவிட்டு மேடையை ஒட்டிப் போய் நின்றாள். கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணே, நல்லா சொன்னிய" என்றாள். "திங்கக்கெழம ஆபீசர் கேப்பாரு. அப்பமும் இப்படியே சொல்லுவியளா?"

சித்தி மனுக் கொடுத்து வாங்கிய மறு விசாரணை அந்தத் திங்கட்கிழமைதான். தெருவுக்கே தெரியும். ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். ராஜா மாமா கிரீடத்தோடு நின்றார். அவர் வீட்டில் கல்யாணமாகாத இரண்டு பெண்பிள்ளைகள், வேலை போனால் வேறு கதியில்லாத வயசு அவருக்கு. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கோபம் ஒரு துளி குறையவில்லை. அவர் சித்தியைப் பார்க்காமல், கூட்டத்துக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, நாடகத்தின் அடுத்த வரியைச் சொன்னார். அடுத்த வரி! ஆர்மோனியம்கூடப் பின்தொடரவில்லை.

சித்தி மேடைப்படியில் ஏறினாள். தளபதி வேஷம் கட்டியவன் அவளைப் பார்த்ததுமே கழுத்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான். "மயினி, இந்தாங்க" என்று கொடுத்தான். அவள் அங்கே நின்றபடியே அதை நான்காக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அந்த வருடம் தளபதி வெறும் சட்டையோடு போருக்குப் போய் வெறும் சட்டையோடு செத்தான்.

திங்கட்கிழமை ராஜா மாமா நினைவில்லை என்றார். இறங்கச் சொன்னீர்களா? நினைவில்லை. யாராவது சொன்னார்களா? நினைவில்லை. எத்தனை பக்க வசனத்தை ஒரு சொல் பிசகாமல் வருடம் தவறாமல் ஒப்பிக்கிறவர்! வெளியே வந்ததும் நான் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். சித்திதான் என் கையைப் பிடித்து இழுத்து ஆட்டோவில் ஏற்றினாள். "விடுளா. கிரீடம் இல்லாம அந்த ஆளுக்குப் பேச வராது."

இப்போது நான் சென்னையில் ஒரு அனிமேஷன் நிறுவனத்தில் வரைகிறேன். போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அந்தச் சுவரைப் பார்த்தேன். கரித்தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்து முகத்தைத் தின்றுவிட்டன. சிவப்புத் துணி மட்டும் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது, கழுத்து இல்லாமல். கமிட்டிக்காரர்கள் வருடா வருடம் வந்து அங்கியைக் கேட்கிறார்கள். வேஷம் கலைத்த பிறகு அந்த வரியை ராஜா ஒரு தடவை சொல்லட்டும், தருகிறேன் என்று சித்தியும் வருடா வருடம் சொல்கிறாள். ராஜா மாமா இப்போதெல்லாம் எங்கள் வீட்டு வழியாக வருவதில்லை, வேஷமும் கட்டுவதில்லை. நாடகம் போன வருடம் நடக்கவில்லை. ராஜா வேஷத்துக்கு ஆள் இல்லையாம். தோள் இருக்கிறவன்கள் எல்லாம் அந்த வரியைச் சொல்லப் பயப்படுகிறான்களாம். பயப்படட்டும். பயந்து சொல்ல வேண்டிய வரிதான் அது.

நான் கிளம்புகிற அன்றைக்குக் காலையில், வெயிலுக்குக் கொடியில் போட்டிருந்த அங்கியைச் சித்தப்பாவின் மகள் உருவிக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கும் அது தரையில் இழுபட்டது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, கையை முன்னால் நீட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். நீட்டவில்லை. விளிம்பில் வந்து நேராக நின்று, தொண்டையைச் செருமி, கீழே முற்றத்தைப் பார்த்துக் கேட்டாள்: "யார் என்னை அனுப்புவது?"

சித்தி முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் செதில். நிமிர்ந்து பார்த்தாள்.

"நாந்தான் அனுப்புதேன்" என்றாள். "அதக் கழத்தி வச்சிட்டு எறங்கி வா. அண்ணாச்சி கடையில போயி மஞ்சப்பொடி வாங்கிட்டு ஓடியா."

பிள்ளை இறங்கி ஓடியது. சித்தி மீனை அப்படியே போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, தெருவாசலில் போய் நின்றாள். அது திரும்பி வருகிறவரைக்கும் அங்கேயேதான் நின்றாள்.